இன்னொருக்கா பாத்துருவோம்

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் பால்கோவாவைப் பற்றி வாய் கொடுக்கக் கூடாது. எந்தக் கடை உசத்தி என்று ஆளுக்கொரு கடையைச் சொல்லி மல்லுக்கு நிற்பார்கள். எங்கள் மேடமும் அந்த ஊர் மடவார் வளாகத்துக்காரர்தான். ஆனால் அவர் எந்தக் கடையையும் சொல்ல மாட்டார். ஒருநாள் இந்தப் பேச்சு வந்து, தேரடிப் பக்கத்துக் கடைதான் கடை, கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று நான் அடித்துப் பேசிவிட்டேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் லேபுக்கு வெளியே என்னை உட்காரவைத்து, கண்ணை நிஜமாகவே மூடச் சொன்னார். மூன்று இலைத்துண்டில் பால்கோவா. இரண்டு ஒரே கடை, ஒன்று வேறு. வேறு எது என்று சொல்ல வேண்டும். சப்புக்கொட்டித் தின்றுவிட்டு நடு இலையைக் காட்டினேன். தப்பு. அவர் சிரிக்கக்கூட இல்லை. இலைகளை மாற்றி வைத்துவிட்டு, "இன்னொருக்கா பாத்துருவோமாக்கா?" என்றார். இரண்டாவது தடவையும் தப்பாகத்தான் சொன்னேன். அதிலிருந்து அவர் எதிரில் பால்கோவாப் பேச்சே எடுப்பதில்லை.

இன்னொருக்கா பாத்துருவோம். அந்த வார்த்தை அவர் வாயில் வராத நாள் கிடையாது. ராஜபாளையம், ராஜபாளையம் என்று கண்டக்டர் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருப்பான். இவர் இறங்கிப் போய் முன்னால் போர்டைப் படித்துவிட்டு வந்துதான் உட்காருவார். பெண் பார்க்க வந்தபோதும் இதே கூத்துதான். சாத்தூர் மாப்பிள்ளை, நல்ல உத்தியோகம், ஆளும் லட்சணம். பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, இன்னொருக்கா பாத்துட்டுச் சொல்லுதேன் என்றிருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. என் மகன் என்ன சந்தையில் கட்டின மாடா என்று எழுந்து போய்விட்டாளாம். இதை மேடமே என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஒருதடவை பார்த்ததை வைத்துப் பிடித்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது, பிடிக்கவில்லை என்றுதான் எப்படிச் சொல்வது என்று என்னையே கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அதற்குப் பிறகு அவர் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை.

பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நான் அவரை மேடம் என்பேன், அவரை விட நான் ஏழெட்டு வயது மூத்தவள் என்பதால் அவர் என்னை அக்கா என்பார். நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீசியன். சர்க்கரையும் உப்பும் பார்த்துக்கொண்டிருந்தவளை இந்தச் செல் வளர்க்கிற வேலைக்கு இழுத்துப்போட்டவர் ஒரு மில் முதலாளி.

ஊரில் பெரிய மில்கள் எத்தனையோ உண்டு. இவருடையது அதில் சேர்த்தியில்லாத சின்ன நூல் மில். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். அவர் மனைவிக்குக் கன்னத்தில் புற்றுநோய் வந்தது. புகையிலையைக் கையால் தொட்டறியாதவர் அந்த அம்மா. வெற்றிலைகூட கல்யாண வீட்டில் யாராவது வற்புறுத்தினால்தான். எதனால் வந்தது, எதனால் வந்தது என்று மதுரையில் ஒரு டாக்டர் பாக்கியில்லாமல் கேட்டிருக்கிறார் முதலாளி. எல்லாரும் வைத்தியம் சொன்னார்களே தவிர காரணம் சொல்லவில்லை. யாரோ, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் ஒருத்தி பெங்களூரில் இதைத்தான் ஆராய்ச்சி செய்கிறாள், செல்லுக்குள்ளே எந்த ஜீன் உடைந்து புற்றாக மாறுகிறது என்று பார்க்கிறவள் என்று சொல்ல, கார் எடுத்துக்கொண்டு பெங்களூருக்கே போய்விட்டார். மேடம் அவருக்கு நேராகப் பதில் சொல்லியிருக்கிறார்: தெரியாது, ஆனால் அவங்க கட்டியில் ஒரு துண்டு கிடைத்தால் அந்தச் செல்லை வளர்த்துப் பார்க்கலாம். முதலாளி ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ரோட்டோரமாகத் தனக்கு இருந்த இடத்தில் இரண்டு அறை கட்டி, இன்குபேட்டர், மைக்ராஸ்கோப் எல்லாம் வாங்கிப் போட்டு, வாம்மா என்று கூப்பிட்டார். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு இவர் வந்துவிட்டார். வெளிநாடு போக வேண்டியவளுக்குப் புத்தி கெட்டுப்போச்சு என்று மடவார் வளாகமே பேசியது.

மதுரையில் ஆபரேஷன் ஆன அன்று, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்து இறங்கினார் மேடம். கட்டியில் ஒரு துண்டு, அந்த அம்மாவின் ரத்தம் கொஞ்சம். ரத்தத்தை உறைய வைத்துப் பத்திரப்படுத்தினோம். துண்டிலிருந்து செல்லைப் பிரித்துத் தட்டையான பிளாஸ்டிக் குப்பியில் போட்டு, அதற்கான திரவத்தை ஊற்றி, இன்குபேட்டரில் வைத்தோம். சில நாளில் ஒட்டிப் பிடித்து வளர ஆரம்பித்தது. அந்த அம்மா பிழைக்கவில்லை. செல் பிழைத்துக்கொண்டது.

இரை போட்டால் புற்றுச் செல் சாகாது, பெருகிக்கொண்டே இருக்கும் என்று மேடம் ஒருநாள் முதலாளியிடம் விளக்கிக்கொண்டிருந்தார். பாடம் மாதிரித்தான் சொன்னார். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டார். அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஆண்டாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் லேபுக்கு வருவார். நான் ஒரு குப்பியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைப்பேன். குனிந்து பார்ப்பார். "பாகுன்னாவா?" என்பார் மெதுவாக. நல்லாயிருக்கியா என்று தெலுங்கில் கேட்பது. அப்புறம் வீட்டு விஷயம் ஏதாவது இரண்டு சொல்வார், மகள் போன் பண்ணினாள், கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். மேடமும் அந்த நேரத்துக்கு அடுத்த அறையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயில் குங்குமத்தோடு வந்து, இன்குபேட்டர் கதவில் ஒரு பொட்டு வைக்கட்டுமா என்று கேட்டார். மேடம் பதறிவிட்டார். தூசி உள்ளே போனால் பூஞ்சை பிடிக்கும், எல்லாம் போய்விடும் என்று விலாவாரியாக விளக்க ஆரம்பித்துவிட்டார். மனிதர் முகம் வாடிப்போனதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. வெளியே ஜெனரேட்டருக்கு வைங்கய்யா, கரண்டு போனா அம்மா உயிரைக் காப்பாத்துறது அதுதான் என்றேன். அதற்குப் பிறகு எங்கள் ஜெனரேட்டர் வாராவாரம் பொட்டு வைத்துக்கொண்டு மங்களகரமாக நின்றது.

மேடத்தின் ஆராய்ச்சியும் நன்றாகத்தான் போனது. புகையிலை போடாதவர்களின் கன்னத்துச் செல்லில் எது உடைகிறது என்று அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். எனக்கு அது முழுசாகப் புரியவில்லை. புரோட்டீன் ஒன்று காவல்காரன் வேலை பார்க்க வேண்டியது, அது தூங்கிவிடுகிறது என்று எனக்குச் சொல்வதற்காக எளிமைப்படுத்திச் சொன்னார். ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வோம். நான் சலித்துக்கொள்வேன். வந்த விடையே வருதே மேடம், இன்னும் எதுக்கு என்பேன். வராமப் போனா என்ன செய்யன்னு பாக்கேன் என்பார். அது வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரையாக வந்தது. டெல்லியில் மேடையேற்றினார்கள். அந்த மேடைப் போட்டோவை முதலாளி மில் ஆபீசில் மனைவி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தார். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் யாருக்குக் கட்டி வந்தாலும் ஸ்கேனைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு வந்துவிடுவார்கள். நான் டாக்டர் இல்லைம்மா என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இரண்டாவது கட்டுரை எழுதி அனுப்பியபோது, பத்திரிகைக்காரர்கள் புது விதி ஒன்று சொன்னார்கள். இந்தச் செல் நீங்கள் சொல்கிற ஆளுடையதுதான் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். கைரேகை மாதிரி டிஎன்ஏவிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. அதைப் பார்த்துச் சொல்கிற பரிசோதனை இருக்கிறது. மேடம் செல்லையும், உறைய வைத்திருந்த அந்த அம்மாவின் ரத்தத்தையும் ஐதராபாத்துக்கு அனுப்பினார். விடை வந்தது. இரண்டும் ஒரே ஆள் இல்லை.

இன்னொருக்கா பாத்துருவோம் என்றார். பார்த்தோம். அதே விடை. வேறு குப்பியிலிருந்து எடுத்து அனுப்பினோம். அதுவும் அப்படியே. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெளியிலிருந்து வாங்கிய வேறொரு செல்லையும் அதே இன்குபேட்டரில் வளர்த்துவந்தோம். கடல் தாண்டி எங்கேயோ, எப்போதோ செத்துப்போன ஒரு பெண்ணுடையது. ஐதராபாத் விடை அதோடுதான் ஒத்துப்போனது. வேகமாகப் பெருகுகிற ரகம். அதில் ஒரு சொட்டு தவறி இந்தக் குப்பியில் விழுந்தால் போதும், கொஞ்ச நாளில் இதை ஒழித்துவிட்டு அது நின்றுவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்தச் சொட்டு எப்போது விழுந்தது, யார் கையிலிருந்து விழுந்தது, கடைசிவரை தெரியவில்லை. என் கையாத்தான் இருக்கும் என்று மேடம் தானாகவே சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் இன்னொருக்கா பார்த்த மனுஷி, குப்பியில் இருப்பது யார் என்று மட்டும் அதுவரை பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை. அது அந்த அம்மாதான் என்பதில் எங்கள் யாருக்குமே சந்தேகம் வந்ததில்லை.

முதல் கட்டுரையை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். பழைய பெங்களூர் சிநேகிதர்கள் போன் பண்ணி, சத்தம் காட்டாமல் விட்டுவிடு, யார் தோண்டப்போகிறார்கள் என்றார்களாம். இவர் கேட்கவில்லை. டெல்லியிலிருந்து அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. இப்போது அவர் ஐதராபாத்தில் இருக்கிறார். செல்லுக்கு அடையாளம் பார்த்துச் சொல்கிற அதே மாதிரி ஓர் இடத்தில் வேலை. ஊர் ஊராக ஆராய்ச்சிக்காரர்கள் அனுப்புகிற செல்லை யாருடையது என்று பார்த்துச் சொல்கிறார். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று கேள்வி. கண்டுபிடிக்க வேண்டியவர் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கட்டுரையைத் திரும்ப வாங்கியது அவர் பாடு. அதில் நான் தலையிடவில்லை. முதலாளியிடமும் சொல்லப்போகிறேன் என்றபோதுதான் சண்டைக்குப் போனேன்.

"அந்த மனுசன் உங்ககிட்ட என்ன கேட்டாரு? வாரத்துல ஒருநாள் வந்து செத்த நேரம் பாத்துட்டுப் போறாரு. அதுலயா மேடம் கை வைக்கணும்?"

"அவரு குனிஞ்சு பேசும்போது நான் பக்கத்துல நிக்கணுமேக்கா," என்றார். "அது அவிய இல்லைன்னு தெரிஞ்சுட்டு எப்பிடி நிக்க?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அது அவர் நிற்பதற்கான கஷ்டம். அதற்கு அந்தக் கிழவர் எதற்காகத் தண்டம் அழ வேண்டும்? இன்றைக்கும் அதை நினைத்தால் பொருமுகிறேன். மேடம் செய்தது தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரை உட்காரவைத்துச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் யார்ட்டம்மா பேசிக்கிட்டிருந்தேன்?"

எங்களுக்கும் தெரியாத ஒரு பெண், எப்போதோ இறந்துபோனவர் என்று மேடம் சொன்னார். "பாவம், யாரு பெத்த பிள்ளையோ," என்றார் முதலாளி. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எங்க வீட்டம்மாவோடது ஏதாவது மிச்சம் இருக்கா என்று கேட்டார்.

இருந்தது. நைட்ரஜன் டேங்கில் செல்லை உறைய வைத்த சின்னக் குழாய்கள் பல இருந்தன. பின்னால் வைத்தவை எல்லாம் அந்த வேற்றுப் பெண்ணுடையவை என்று பார்த்தாகிவிட்டது. அந்தச் செல் எங்கள் லேபுக்குள் வருவதற்கு முன்னால், முதல் சில வாரங்களிலேயே வைத்த ஒரே ஒரு குழாய் மட்டும் பார்க்காமல் இருந்தது. அதாச்சும் அவதானே என்றார் முதலாளி. இருக்கலாம், பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார் மேடம். பார்ப்பதென்றால் உருக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்து உருக்கினால் செல் பிழைத்தாலும் பிழைக்கும், செத்தாலும் சாகும். இன்னொரு குழாய் கிடையாது. இதையும் மறைக்காமல் சொன்னார்.

"அப்ப இருக்கட்டும்மா. அவதான்னு நெனைச்சுக்கிடுதேன்."

அவர் வருவதை நிறுத்தவில்லை. மைக்ராஸ்கோப் பக்கம் போவதில்லை, அவ்வளவுதான். நேரே டேங்க் பக்கத்தில் போய் நிற்பார். மூடியின் மேல் கையை வைத்துக்கொள்வார். பாகுன்னாவா. மகள் போன் பண்ணினாள், கிணறு, மழை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. இந்த அளவோடு போயிற்றே என்று ஆண்டாளைக் கும்பிட்டுக்கொண்டேன்.

மேடத்துக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. டேங்கைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்றுவிடுவார். சாப்பாடு பாதி மிஞ்சும். அந்தக் குழாயில் இருப்பது உண்மையிலேயே அந்த அம்மாவாக இருந்து, அது பிழைத்தும்விட்டால், விட்ட இடத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கலாம். காவல்காரப் புரோட்டீன் தூங்கியது அந்த அம்மாவின் செல்லிலும் நடந்ததா, இல்லையா என்று தெரிந்துவிடும். போட்டது அத்தனையும் வீணில்லை என்று ஆகிவிடும். அவர் வயதுக்கு அது ஒன்றுதான் பாக்கி இருந்த வாய்ப்பு. நானும் அறியாதவள் இல்லை. ஆனால் பிழைக்காமல் போனால் அந்தக் கிழவருக்கு என்ன மிச்சம் என்று கேட்டேன். தெரியாம வச்சிருக்கிறது மட்டும் என்ன மிச்சம்க்கா என்று திருப்பிக் கேட்டார்.

முதலாளியிடமும் மெதுவாக எடுத்துச் சொன்னார். ஒருநாள் இல்லை, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகச் சொன்னார்.

"பிழைச்சிருச்சுன்னா பாத்துரலாம்யா. அவங்களுக்கு எதனால வந்துச்சுன்னு கேட்டீங்களே, அதுக்குப் பதில் கிடைக்கும்."

"அது அப்பக் கேட்டேன்ம்மா," என்றார் அவர். "இப்ப எனக்கு எதனாலன்னு வேண்டாம். அவ இருந்தாப் போதும்."

மேடம் அந்த வாரமும் அடுத்த வாரமும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஆள் இளைத்துக்கொண்டே போனார். கழுத்தெலும்பு தெரிந்தது. அதை என்னைப் போல முதலாளியும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பும்போது வாசலில் நின்று, "ஒனக்கு மனசு ஆறலைன்னா பாத்துரும்மா," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். தனக்காகச் சொல்லவில்லை. பெற்ற மகளுக்கு விட்டுக்கொடுக்கிற மாதிரிச் சொன்னார்.

வேண்டாம் மேடம் என்று நான் கையைப் பிடித்துச் சொன்னேன். அவருக்கு அது காதில் விழவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் முகம் தெளிந்திருந்தது. குழாயை வெந்நீர்த் தொட்டியில் பிடித்து உருக்கினார். பாதியை ஐதராபாத்துக்கு அனுப்ப எடுத்துவைத்தார். மீதியைக் குப்பியில் ஊற்றி இன்குபேட்டரில் வைத்தார். அதே இன்குபேட்டர்தான், ஆனால் உள்ளே வேறு எதுவும் இல்லை. எல்லாவற்றையும் எப்போதோ அழித்துவிட்டோம்.

உயிருள்ள செல் குப்பியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். செத்தது உருண்டையாக மிதக்கும். மறுநாள் காலையில் பார்த்தபோது அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டியிருந்தது. மேடம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதற்கு அடுத்த நாள் ஒட்டியிருந்ததும் கழன்று மிதந்தது. திரவத்தை மாற்றினார். தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தார். இன்குபேட்டர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாரக் கடைசியில் குப்பி முழுக்க மிதப்புத்தான். இன்னொருக்கா பாத்துருவோம் என்று அவர் சொல்லவில்லை. பார்க்க எதுவும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை முதலாளி வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஐதராபாத்திலிருந்து விடையும் வந்தது. ரத்தமும் செல்லும் ஒரே ஆள்.

எதை முதலில் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். மேடம் இரண்டையும் ஒன்றாகவே சொன்னார். "ஐயா, அது அவங்கதான். ஆனா பிழைக்கலை."

முதலாளி தலையை ஆட்டினார். பாக்கலாமா என்று கேட்டார். நான் குப்பியை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். பாகுன்னாவா என்று கேட்கவில்லை. நிமிர்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் நடந்து வெளியே போனார். வீட்டுக்குப் போனதும் கிணற்றடியில் வேட்டி சட்டையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார் என்று டிரைவர் பிறகு சொன்னார். அப்போது எங்களுக்கு அது தெரியாது. கார் கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது.

"அக்கா, ஐயா சொல்லிக்கிடாமப் போறாரு," என்றார் மேடம்.

எழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போயிட்டு வாரேன் என்று சொல்வதில்லை. மடவார் வளாகத்தில் பிறந்தவருக்கு நான் அதை விளக்க வேண்டியதில்லை. குப்பியை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நான் பாக்காமயே விட்டுருக்கலாம்க்கா."

இல்லை மேடம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லாமல் அவர் கையிலிருந்து குப்பியை வாங்கிக்கொண்டேன்.